நிவாரணப் பணம் யாருக்குச் சொந்தம்?

ஒரு காட்சியை மனதில் நினைத்துப் பாருங்கள்.

பெங்களூருவில் ஒரு சிறிய தெரு. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று நான்கு மொழியும் அந்தத் தெருவில் கேட்கும். அங்கே ஓர் அம்மா இருக்கிறார். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கிறார். அவருடைய கணவர் கட்டட வேலை செய்தவர். 2021-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். வாடகை பாக்கி ஏறிக்கொண்டே போகிறது.

அந்த ஆண்டின் கடைசியில் ஒரு நாள் மாலை, வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் ஒரு பை. பை நிறையக் காகிதங்கள்.

"அக்கா, வீட்டுக்காரர் தவறி எத்தனை மாசம் ஆச்சு?"

"நாலு மாசம் ஆச்சு, தம்பி."

"கொரோனாவிலே இறந்தவங்க குடும்பத்துக்கு சர்க்கார் பணம் தருது. ஐம்பதாயிரம். பி.பி.எல். கார்டு இருந்தா அதுக்கு மேலே ஒரு லட்சம். கேள்விப்பட்டீங்களா?"

"அவருக்கு வந்தது நெஞ்சு வலிதானே, தம்பி?"

"அதை யாரு பார்க்கப் போறாங்க? டாக்டர் சர்டிபிகேட் நான் வாங்கித் தரேன். நீங்க இந்த அர்ஜியிலே ஒரு ரேகை வைங்க, போதும். பணம் வந்ததும் எனக்குப் பாதி."

அம்மாவுக்குக் கை நடுங்கியது. ஒன்றரை லட்சம் ரூபாய். வாடகை பாக்கி தீரும். பிள்ளைகள் படிப்பு நடக்கும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. "நாளைக்கு வாங்க, தம்பி" என்று சொல்லி அனுப்பினார்.

காகிதம் அவர் கையில் இருந்தது. அது கன்னடத்தில் இருந்தது. அவருக்குக் கன்னடம் நன்றாகப் பேச வரும். படிக்க வராது. தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதில் வரும் பணம் உண்மை. அந்தப் பணத்தைக் காக்கும் சட்டம் உண்மை. இப்படிப் பொய்ச் சான்றிதழ் கொடுத்துப் பணம் கேட்ட விவகாரம் டில்லியில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை போனதும் உண்மை.

அந்த அம்மா ரேகை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் நிவாரணப் பணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

வெள்ளம், வறட்சி, புயல், நிலநடுக்கம், கடல் பொங்குதல், கொள்ளை நோய். இவற்றைப் பேரிடர் என்று சொல்கிறோம். பேரிடர் வந்தால் மக்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்துவிடுவார்கள். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நிலம் நடுங்கியது. 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டுக் கரையைச் சுனாமி தாக்கியது. இரண்டிலும் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பேரிடரைச் சமாளிக்க நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. 2005-ஆம் ஆண்டு பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அதன் பெயர் பேரிடர் மேலாண்மைச் சட்டம்.

ஒவ்வொரு மாநிலத்திலும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று இருக்கிறது. கர்நாடகத்தில் இந்த நிதிக்கு நூறு ரூபாய் சேர்ந்தால், அதில் 75 ரூபாய் மத்திய அரசு தருவது. 25 ரூபாய் மாநில அரசு தருவது.

அரசுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மக்கள் கட்டும் வரியிலிருந்து வந்தது. கடையில் சோப்பு வாங்கும்போதும் அதன் விலையில் வரி சேர்ந்திருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் அம்மா கொடுத்த காசும் அந்த நிதியில் இருக்கிறது.

இந்தப் பணம் எளிதில் கிடைப்பதும் இல்லை. 2023-இல் கர்நாடகத்தில் கடும் வறட்சி. மொத்தம் 236 தாலுகாக்கள். அவற்றில் 223 தாலுகாக்கள் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. மாநில அரசு மத்திய அரசிடம் 18,171 கோடி ரூபாய் கேட்டது. பல மாதம் ஆகியும் வரவில்லை. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. அதன் பிறகு ஏப்ரலில் ஏறத்தாழ 3,454 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

பானையில் இருப்பது கொஞ்சம் சோறு. பசித்தவர்கள் நிறையப் பேர். பசிக்காத ஒருவர் வந்து பொய் சொல்லி ஒரு தட்டு வாங்கிப் போனால், பசித்த ஒருவருக்குத் தட்டு காலி. பொய் மனு கொடுப்பவர் அரசை மட்டும் ஏமாற்றவில்லை. எல்லாம் இழந்து நிற்கும் இன்னொருவரின் பங்கை எடுத்துக்கொள்கிறார்.

உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு

2020 மார்ச்சில் கொரோனா பரவியது. அரசு அதைப் பேரிடராக அறிவித்தது. அந்த நோயால் கர்நாடகத்தில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. அதில் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் பெங்களூருவைச் சேர்ந்தவர்கள். சம்பாதிக்கும் ஆளை இழந்து பல குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

"பேரிடரில் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைக் கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் தர வேண்டும்" என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. 2021 ஜூன் 30 அன்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிவாரணம் தர வேண்டும் என்றது. எவ்வளவு என்பதைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் முடிவு செய்யட்டும் என்றது. ஆணையம் 50,000 ரூபாய் என்று முடிவு செய்தது. கர்நாடக அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம் சம்பாதிக்கும் ஆளைக் கொரோனாவில் இழந்திருந்தால், தன் பங்காக இன்னும் ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது.

நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதவில்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டிப் பணத்தை மறுக்கக் கூடாது என்றது. ஏழைகளை அலைய வைக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

அந்த இரக்கத்தைச் சிலர் வியாபாரம் ஆக்கினார்கள். 2022 மார்ச்சில் மத்திய அரசின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் ஒரு செய்தி சொன்னார். கொரோனாவால் இறக்காதவர்களுக்கும் கொரோனா என்று சில மருத்துவர்கள் சான்றிதழ் தருகிறார்கள், அதை வைத்துப் பணம் கேட்கிறார்கள் என்றார். நீதிபதிகள் வேதனைப்பட்டார்கள். இப்படியும் முறைகேடு நடக்கும் என்று நினைக்கவே இல்லை என்றார்கள்.

வழக்கைக் கேட்டவர்கள் இரண்டு நீதிபதிகள். ஒருவர் எம்.ஆர். ஷா. மற்றவர் பி.வி. நாகரத்னா. நாகரத்னா பெங்களூருவில் வழக்கறிஞராக இருந்தவர். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்.

2022 மார்ச் 24 அன்று அவர்கள் உத்தரவு போட்டார்கள். ஆந்திரம், குஜராத், கேரளம், மகாராஷ்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களில், நூறு மனுவுக்கு ஐந்து மனு வீதம் எடுத்துச் சோதிக்கலாம் என்றார்கள். பொய் மனு கொடுத்தது தெரிந்தால், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி தண்டனை உண்டு என்று நினைவூட்டினார்கள்.

சோதனை நான்கு மாநிலங்களில்தான். சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றுதான். கர்நாடகத்துக்கும் உண்டு. தமிழ்நாட்டுக்கும் உண்டு.

பொய் மனுவுக்கு என்ன தண்டனை?

52-ஆம் பிரிவு சொல்வது இது. பேரிடர் உதவி பெறுவதற்காக, பொய் என்று தெரிந்தே ஒருவர் அரசு அதிகாரியிடம் மனு கொடுத்தால் அது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. அதோடு அபராதமும் உண்டு.

மூன்று செய்திகளைக் கவனியுங்கள்.

முதலாவது, பணம் கைக்கு வந்தால்தான் குற்றம் என்று இல்லை. பொய் மனு கொடுப்பதே குற்றம்.

இரண்டாவது, இது எல்லா வகை உதவிக்கும் பொருந்தும். 2022 செப்டம்பரில் பெங்களூருவில் ஏரிகள் நிரம்பி வழிந்தன. மகாதேவபுரா, பெல்லந்தூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் மேட்டில் இருக்கும் வீட்டுக்காரர், "என் வீட்டிலும் தண்ணீர்" என்று பொய்யாக எழுதிக் கொடுத்தால் இந்தப் பிரிவு வரும். இடியாத வீட்டை இடிந்தது என்றாலும் வரும். விதைக்காத நிலத்தில் பயிர் போனது என்றாலும் வரும்.

மூன்றாவது, "தெரிந்தே" என்ற சொல். தெரியாமல் செய்த தவறு வேறு. பொய் வேறு. வயதைத் தவறாகச் சொல்லிவிட்டார், தேதியை மாற்றிச் சொல்லிவிட்டார் என்றால் அது பொய் மனு ஆகாது. தவறு தெரிந்தவுடன் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பொறுப்பில் இருப்பவர் திருடினால்?

எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்று ஒரு பழமொழி உண்டு. ஊரே தவிக்கும்போது சிலர் அதில் லாபம் பார்ப்பார்கள். அவர்களுக்காகவே 53-ஆம் பிரிவு இருக்கிறது.

நிவாரணப் பணமோ பொருளோ ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அரிசி மூட்டை, போர்வை, தார்ப்பாய், மருந்து என்று எதுவாகவும் இருக்கலாம். அதை அவர் தனக்கு எடுத்துக்கொண்டாலோ விற்றாலோ, இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வேறு ஒருவரை அப்படிச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தினாலும் அதே தண்டனைதான்.

அவர் அரசு ஊழியராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தெருவில் உண்டியல் குலுக்கி வெள்ள நிதி சேர்த்த சங்கத் தலைவராகவும் இருக்கலாம். மண்டபத்தில் துணிமணிகளை வாங்கி வைத்த தொண்டராகவும் இருக்கலாம். கொடுத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கொடுத்தார்கள். நடுவில் இருப்பவர் வெறும் காவல்காரர்.

அரசு ஊழியர் திருடினால் தண்டனை இன்னும் பெரிது. தன்னிடம் ஒப்படைத்த பணத்தை அரசு ஊழியர் கையாடினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவுப்படி பத்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம். இது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டம். அதற்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் இருந்தது. அதன் 409-ஆம் பிரிவிலும் இதே தண்டனைதான்.

நிவாரணம் தர லஞ்சம் கேட்டால், ஊழல் தடுப்புச் சட்டப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை. லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். ஆனால் வேறு வழி இல்லாமல், வற்புறுத்தலுக்குப் பயந்து கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் போலீசிடம் புகார் சொல்லிவிட்டால் அவருக்குத் தண்டனை இல்லை. இது முக்கியமான செய்தி. பலருக்கு இது தெரிவதில்லை.

கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 2018-இல் அங்கே பெருவெள்ளம். உலகம் எங்கும் இருந்து மக்கள் பணம் அனுப்பினார்கள். 2020-இல் எர்ணாகுளத்தில் ஒரு மோசடி வெளியே வந்தது. வெள்ளத்தில் பாதிக்கப்படாத ஒருவரின் கூட்டுறவு வங்கிக் கணக்குக்கு, நிவாரணப் பணம் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போயிருந்தது. போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. கலெக்டர் அலுவலக ஊழியர் ஒருவர் கைது ஆனார்.

இதில் சாதாரண மக்களுக்கும் ஒரு பாடம் உண்டு. "உங்கள் வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம் வரும். எடுத்துக் கொடுங்கள். உங்களுக்கும் ஏதாவது தருகிறேன்" என்று யாராவது கேட்டால் சம்மதிக்கக் கூடாது. திருட்டுப் பணம் யார் கணக்குக்கு வந்ததோ, அவரைத்தான் போலீஸ் முதலில் தேடி வரும்.

தரகர் தப்பிவிடுவாரா?

பொய் மனுவில் ரேகை வைத்தவர் ஒருவர். எழுதிக் கொடுத்த தரகர் வேறு ஒருவர். தரகரின் பெயர் காகிதத்தில் எங்கும் இருக்காது. விசாரணை வந்தால் அவர் ஊரை விட்டே போய்விடுவார். மாட்டிக்கொள்வது ரேகை வைத்தவர்தான். பாதிப் பணம் தரகருக்கு. முழு வழக்கு ஏழைக்கு.

ஆனால் சட்டத்தின் கண்ணில் தரகரும் குற்றவாளிதான். குற்றம் செய்யத் தூண்டியவருக்கும் உதவியவருக்கும் தண்டனை உண்டு. ஏமாற்றிப் பணம் பெற்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவுப்படி ஏழு ஆண்டு வரை சிறை. ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரித்தால் 336-ஆம் பிரிவுப்படி ஏழு ஆண்டு வரை சிறை. பொய்ச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த மருத்துவரும் தப்ப முடியாது.

அதனால் பேரிடர்ச் சட்டத்தில் இரண்டு ஆண்டுதானே என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே காகிதத்தின் மேல் பல பிரிவுகள் வந்து சேரும்.

ஓர் எழுத்தில் நடந்த மோசடி

உதவி கேட்பவர்கள் மட்டும் அல்ல, உதவி செய்பவர்களும் ஏமாற்றப்படுகிறார்கள்.

2020 மார்ச் மாதக் கடைசியில் பிரதமர் பெயரில் 'பி.எம். கேர்ஸ்' என்ற நிதி தொடங்கப்பட்டது. மக்கள் கைபேசி வழியாகப் பணம் அனுப்ப அதற்கு ஒரு முகவரி கொடுத்தார்கள். சில நாட்களுக்குள் மோசடிக்காரர்கள் அதே போல் ஒரு போலி முகவரி தயாரித்தார்கள். என்ன வித்தியாசம் தெரியுமா? 'கேர்ஸ்' என்பதன் கடைசியில் வரும் ஓர் எழுத்து மட்டும் இல்லை. 'கேர்' என்று இருந்தது. அவசரத்தில் பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். டில்லி போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. வங்கி அந்தப் போலி முகவரியை முடக்கியது.

ஓர் எழுத்து விட்டுப்போனால் பணம் திருடன் வீட்டுக்குப் போகும். படிக்கக் கற்றவர்கள் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

பணக்கார நாட்டிலும் உண்டு

இந்த மோசடி இந்தியாவில் மட்டும் நடப்பது அல்ல. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவைக் கத்ரீனா என்ற புயல் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரம் தண்ணீரில் மூழ்கியது. அரசு அவசரமாகப் பணம் கொடுத்தது. பொய்ப் பெயர், பொய் முகவரி சொல்லிப் பலர் பணம் வாங்கினார்கள். 60 கோடி டாலர் முதல் 140 கோடி டாலர் வரை தகுதி இல்லாமல் போயிருக்கலாம் என்று அந்த நாட்டின் தணிக்கைத் துறை 2006-இல் மதிப்பிட்டது. 2008 ஜனவரியில் அங்கே புதிய சட்டம் வந்தது. பேரிடர் நிவாரண மோசடிக்கு அதில் 30 ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்தார்கள்.

உண்மையானவர் பயப்படலாமா?

சிறை, அபராதம் என்று கேட்டவுடன் சிலர் பயந்துவிடுவார்கள். "நமக்கு எதற்கு வம்பு? மனுவே கொடுக்க வேண்டாம்" என்று விட்டுவிடுவார்கள். அது தவறு. வீட்டில் தண்ணீர் புகுந்தது உண்மை என்றால், நிவாரணம் உங்களுக்காகவே ஒதுக்கப்பட்டது. தலை நிமிர்ந்து கேளுங்கள். தண்டனைச் சட்டம் இருப்பது உங்களை விரட்ட அல்ல. உங்கள் பங்கை மற்றவர் எடுக்காமல் காக்க.

மனு கொடுப்பவர்கள் இவற்றைச் செய்யலாம்.

தண்ணீர் நின்ற அளவு சுவரில் தெரியும்போதே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நனைந்த ரேஷன் கார்டையும் பாஸ் புத்தகத்தையும் தூக்கி எறியாதீர்கள். நஷ்டத்தைக் கூட்டியும் சொல்ல வேண்டாம். குறைத்தும் சொல்ல வேண்டாம். கணக்கெடுக்க வருபவரிடம் அவர் பெயரையும் பதவியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மனு கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் ரேகை வைக்கவே வைக்காதீர்கள். ரேகையும் கையெழுத்துதான். சட்டம் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். காகிதம் தெரியாத மொழியில் இருந்தால், தெரிந்தவரிடம் கொடுத்து முழுவதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கே புகார் சொல்வது?

தகுதி இல்லாதவருக்குப் பணம் போனது என்றோ, உங்களுக்கு வர வேண்டியது வரவில்லை என்றோ தெரிந்தால் சும்மா இருக்க வேண்டாம்.

முதலில் தாசில்தார் அலுவலகத்திலும் டி.சி. அலுவலகத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மாவட்டப் பேரிடர் ஆணையத்துக்கு டி.சி.தான் தலைவர்.

யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைத் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கர்நாடகத்தில் இந்த மனுவை 150 சொற்களுக்குள் எழுத வேண்டும். ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் கேட்கலாம்.

அரசு ஊழியர் மேல் புகார் என்றால் லோகாயுக்தாவுக்குப் போகலாம். பெங்களூருவில் அம்பேத்கர் வீதியில், விதான சௌதாவுக்குப் பக்கத்தில் உள்ள எம்.எஸ். கட்டடத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது.

பணத்தைக் கைபேசி வழியாக யாராவது ஏமாற்றி எடுத்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு நல்லது.

பேரிடர்ச் சட்டப்படி யாரும் நேராக நீதிமன்றத்திலும் புகார் கொடுக்கலாம். ஆனால் அதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே, "இப்படி ஒரு குற்றம் நடந்திருக்கிறது, நான் புகார் கொடுக்கப் போகிறேன்" என்று அதிகாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டம் உங்களுக்கு உதவும். வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம் போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வக்கீல் இலவசம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், பழங்குடி மக்களுக்கும் இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். பெங்களூருவில் எச். சித்தையா சாலையில் உள்ள 'நியாய தேகுல' என்ற கட்டடத்துக்கு நேரிலும் போகலாம்.

அந்த அம்மா என்ன செய்தார்?

முதலில் பார்த்த காட்சிக்குத் திரும்புவோம்.

இரவு அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் கன்னடப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிப்பவள்.

"இதிலே என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லும்மா."

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். "என் கணவர் கொரோனா நோயால் இறந்தார்" என்று ஒரு வரி இருந்தது. கடைசிக்குப் போனாள்.

"இங்கே இன்னொண்ணு இருக்கு, அத்தை. 'மேலே சொன்னது எல்லாம் உண்மை. பொய் என்று தெரிந்தால் என் மேல் சட்டப்படி நடவடிக்கை எடுக்கச் சம்மதிக்கிறேன்'னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழேதான் நீங்க ரேகை வைக்கணும்."

தரகர் இந்த வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மாலையில் அவர் வந்தார். அம்மா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "வேண்டாம் தம்பி. அவர் எப்படிச் செத்தாரோ அப்படியே இருக்கட்டும். அவர் சாவை வச்சுப் பொய் சொல்ல எனக்கு மனசு இல்லை. நாளைக்கு நான் ஜெயிலுக்குப் போனா என் பிள்ளைங்களுக்கு யாரு?"

அப்படியானால் அந்த அம்மாவுக்கு வேறு வழியே இல்லையா? இருக்கிறது. கணவனை இழந்த ஏழைப் பெண்களுக்குக் கர்நாடகத்தில் மாத ஓய்வூதியம் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில் சம்பாதித்து வந்தவர் 18 வயது முதல் 59 வயதுக்குள் இறந்தால், தேசியக் குடும்ப நல உதவித் திட்டத்தில் 20,000 ரூபாய் உண்டு. எப்படி இறந்தார் என்பது இதில் கேள்வி இல்லை. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் கணவர் பதிவு செய்திருந்தால் அங்கேயும் உதவி உண்டு. இவற்றுக்கு எந்தப் பொய்யும் தேவை இல்லை. தாசில்தார் அலுவலகத்திலும் வாரிய அலுவலகத்திலும் கேட்க வேண்டும்.

ஒன்றரை லட்சத்தை விட இது குறைவுதான். அலைச்சலும் உண்டு. ஆனால் வந்த பணம் நிலைக்கும். போலீஸ் ஜீப் தெருவுக்குள் வந்தாலும் நெஞ்சு பதறாது.

அந்த அம்மாவைக் காப்பாற்றியது ஒரு சிறிய பழக்கம். படித்துப் பார்க்காமல் ரேகை வைப்பது இல்லை என்ற பழக்கம்.

நினைவில் வையுங்கள்

நிவாரணப் பணம் பாதிக்கப்பட்டவர்களின் பணம்.

தெரிந்தே பொய் மனு கொடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம்.

நிவாரணப் பணத்தையோ பொருளையோ கையாடினாலும் அதே தண்டனை. அரசு ஊழியர் என்றால் ஆயுள் தண்டனை வரை போகலாம்.

போலி ஆவணம் செய்தால் ஏழு ஆண்டு வரை சிறை.

தெரியாமல் நேர்ந்த தவறு குற்றம் ஆகாது. உடனே திருத்திக்கொள்ளுங்கள்.

படித்த பிறகு கையெழுத்து. படிக்கக் கேட்ட பிறகு ரேகை.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் பகுதியில் கடைசியாக வெள்ளமோ வறட்சியோ எப்போது வந்தது? யார் யாருக்கு உதவி கிடைத்தது? யாருக்குக் கிடைக்கவில்லை?

2. தரகர் இல்லாமல் மனு கொடுக்க உங்கள் ஊரில் யாரிடம் உதவி கேட்கலாம்?

3. தெரியாத மொழியில் உள்ள காகிதம் வந்தால் என்ன செய்வீர்கள்?

4. நிவாரணப் பட்டியலைக் கேட்டு, 150 சொற்களுக்குள் ஒரு தகவல் உரிமை மனு எழுதிப் பாருங்கள்.